ஆறு நட்டா, எட்டு நட்டா?

கேள்வி: ஆஸ்டினுக்கு வெளியே ஐந்து ஏக்கரில் ஆடு வளர்க்கிறேன். வாரம் இரண்டு நடை, 275 காலன் தொட்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பழைய செவர்லே பிக்கப் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1995ஆம் ஆண்டு வண்டிகள். இரண்டிலும் 2500 என்று எழுதியிருக்கிறது, இரண்டிலும் 5.7 லிட்டர் எஞ்சின். ஒன்றின் விலை ஆயிரம் டாலர் குறைவு. அதையே வாங்கிவிடலாமா?
– வாசகர் ஒருவர், டெக்சாஸ்

பதில்: பணத்தை எடுக்கும் முன் குனிந்து, சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணுங்கள். விலை குறைந்த வண்டியில் ஆறு இருந்தால் அது உங்களுக்கு வேண்டாம். எட்டு இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

2500 என்ற ஒரே எண்ணை அந்தக் காலத்தில் இரண்டு வேறு வண்டிகளுக்கு வைத்தார்கள். ஆறு நட்டு வண்டிக்கு, வண்டியும் ஆளும் சரக்கும் சேர்த்து 7,200 பவுண்டு, அதாவது 3,266 கிலோதான் எல்லை. எட்டு நட்டு வண்டிக்கு 8,600 பவுண்டு, ஏறத்தாழ 3,900 கிலோ. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கணக்கு அந்தக் காலத்தில் 8,500 பவுண்டோடு நின்றுவிட்டது. அதற்கு நூறு பவுண்டு மேலே எட்டு நட்டு வண்டியை நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் தண்ணீர். 275 காலன் என்றால் 1,040 கிலோ, தொட்டியோடு 1,100 என்று வையுங்கள். ஆறு நட்டு வண்டி வெறுமையாக எடைமேடையில் 2,100 கிலோ காட்டினால், மிச்சம் 1,166. நீங்களும் துணைக்கு ஒருவரும் ஏறி உட்கார்ந்தாலே எல்லை தாண்டிவிடும்.

எடையை விட எனக்குக் கவலை பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்கள் பொருந்தியிருக்கும் அச்சு. நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். லாரியின் சக்கரத்தைக் கழற்றாமலே ஹப் எனும் சக்கரக் குடத்தில் இருக்கும் போல்ட்டுகளை அவிழ்த்து ஆக்சில் ஷாப்டை, அதாவது உள்ளே சுழலும் தண்டை, உருவி எடுப்பதை அங்கே சிறு பிள்ளையும் பார்த்திருக்கும். பாரத்தை ஹவுசிங் என்ற வெளிக்கூடும் பேரிங்குகளும் சுமக்கும். ஷாப்டுக்குச் சுழற்றுவது மட்டுமே வேலை. எட்டு நட்டு செவர்லேயில் இருப்பது அதே ஏற்பாடு. ஆறு நட்டு வண்டியில் ஷாப்டே சுழற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். பேரிங் நேராக அதன் மேலேயே ஓடுகிறது.

ஹூஸ்டனில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு இப்படி ஓர் ஆறு நட்டு வண்டி வந்தது. வாரந்தோறும் தளக்கற்கள் ஏற்றிய வண்டி. பின்னால் உறுமல் என்றார் உரிமையாளர். டிரம்மைக் கழற்றினேன், பிரேக் ஷூ முழுக்கக் கியர் எண்ணெய். ஷாப்டை உருவித் துடைத்து, பேரிங் ஓடிய இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். பள்ளத்தில் சிக்கி நகம் நின்றுவிட்டது. இந்த ஆக்சிலில் ஷாப்டு முறிந்தால் சக்கரமும் அதனோடு கழன்று வெளியே போய்விடும். தினமும் காலையில் அந்த வண்டியில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

பழைய வண்டியில் யாராவது சக்கரத்தை மாற்றியிருக்கலாம். ஆகவே நட்டோடு நிற்காதீர்கள். பின் சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் எட்டு போல்ட் தெரிய வேண்டும். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர்க் கூட்டின் மூடியில் போல்ட்டுகளை எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு வகையிலும் அதில் பதினான்கு போல்ட்தான். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அடியில் எண்ணெய்த் தட்டைப் பாருங்கள். பதினாறு போல்ட் இருந்தால் இலகுரகக் கியர்பெட்டி, பதினேழு இருந்தால் கனரகம். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் மொத்த எடை எல்லை அச்சாகியிருக்கும். அதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் போதும்" என்று விற்பவர் சொல்வார். நம்ப வேண்டாம். ஸ்பிரிங் பட்டை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஷாப்டும் பேரிங்கும் பிரேக்கும் பழையவைதானே?

எட்டு நட்டு வண்டி வெறுமையாகப் போகும்போது குலுக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் நண்பரின் 1997 ஃபோர்டு எஃப்-250 வண்டியில் ஏழு நட்டு இருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?
– இன்னொரு வாசகர், டல்லஸ்

பதில்: இல்லை, தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. அந்த ஆண்டு ஃபோர்டு, புதிய உடலில் இலகுரக எஃப்-250யையும், பழைய உடலில் கனரக எஃப்-250யையும் ஒரே நேரத்தில் விற்றது. ஏழு நட்டு என்றால் இலகுரகம், கனரகத்துக்கு எட்டு. ஏழு நட்டுச் சக்கரம் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் உடனே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.