வீட்டுப்பாடத்தை முடித்துத் தரும் டியூஷனில் மகனைச் சேர்க்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தாயார் ஒருவர் கேட்கிறார்: "கணவர் விடியற்காலையிலேயே செம்பனைத் தோட்டத்தில் ஆள் பதியும் பெரட்டுக்குப் போய்விடுவார், எனக்கோ தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாண்டான படிவம் 1 பயிலும் மகன், இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுப்பாடத்தை எடுக்கிறான்; அழுகையில் முடிகிறது. பாடத்தை அங்கேயே முடித்து அனுப்பும் டியூஷனுக்கு ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?"

கட்ட வேண்டாம். ஷிப்டு மாறும் வீட்டில் கடிகாரத்தை நம்பாமல், நாள்தோறும் தவறாத ஒன்றோடு, அதாவது குளித்துவிட்டுத் தேநீர் குடித்து முடிப்பதோடு, வீட்டுப்பாடத்தைச் சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்த பாடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடட்டும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகள் என்றுதான் விடுமோ!

டியூஷன் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2021இல் ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வையும் 2022இல் படிவம் 3இன் பிடி3 தேர்வையும் நீக்கிய அரசு, படிவம் 5இன் எஸ்பிஎம் தேர்வு வரை பிள்ளையின் நிலையை எப்படி அறிவது என்று பெற்றோருக்குப் புரியும்படி விளக்கவில்லை. அந்த அச்சத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி டியூஷன் நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள், மாதக் கட்டணத்துக்கு மேல் ஒரு வெள்ளியும் முன்பணம் தராதீர்கள். பாடத்தை முடித்துத் தரும் இடத்திலிருந்து வந்த ஒரு மாணவனின் கணிதப் புத்தகத்தைப் பார்த்தேன்: எல்லா விடையும் சரி, வழிமுறை ஒரு வரிகூட இல்லை, எழுத்தும் அவனுடையதன்று.

உங்கள் மகன் விஷயத்தில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறாண்டுகள் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்தவன், இப்போது மலாய் வினாவின் முன் உட்கார்ந்திருக்கிறான். பின்னம் நன்றாகத் தெரிந்தவனே 'பெச்சாஹான்' என்ற சொல்லில் தடுக்கி நிற்பான். பரப்பளவு தெரிந்தவன் 'லுவாஸ்' என்பதைக் கண்டு புத்தகத்தை மூடிவிடுவான். அவன் பாடத்தைத் தள்ளிப்போடுவது சோம்பலால்தானா என்பதை அறிய, வினாவை நீங்கள் தமிழில் சொல்லிப் பாருங்கள். உடனே போட்டுவிட்டால் குறை மொழியில்தான். அப்படியானால் எந்த நேர ஒழுங்கும் தனியே உதவாது. முதல் பத்து நிமிடம் வினாக்களை மட்டும் படித்து, தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு, அகராதியில் பார்த்துச் சிறு குறிப்பேட்டில் பொருள் எழுதட்டும். கணக்கை அதன் பிறகு தொடங்கலாம். இரண்டு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டோடு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.