முதலாளி மீதே புகார் என்றால் யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் ஏழு பேர் வேலை பார்க்கிறோம். கடைக்காரரே வேண்டுமென்று உரசுகிறார், இரவில் வாட்ஸ்அப்பில் அசிங்கமாக அனுப்புகிறார். கமிட்டியெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானாமே?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இல்லை சகோதரி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் கடைக்கும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே வரும் புகார்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்; 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தும் கேட்கலாம்.

கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை தரலாம். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று அதை நம்பி உட்காராதீர்கள்.

புகார் சறுக்குவது பெரும்பாலும் எழுதும் விதத்தில்தான். 'என்னிடம் தவறாக நடந்தார்' என்றால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்காது. 'மார்ச் 3, மாலை ஆறரை இருக்கும். பில் மேசைக்குப் பின்னால் நின்றேன். வழி இருந்தும் உரசிக்கொண்டு போனார். மடிப்பு மேசையில் இருந்தவர் பார்த்தார்' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தேதி நினைவில்லையா? 'சம்பள நாளுக்கு மறுநாள்' என்றாலும் போதும், கற்பனையாக ஒரு தேதி வேண்டாம். சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதிகள் தர வேண்டும். எழுத வராவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. வாட்ஸ்அப் செய்திகளை, எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியப் படம் எடுத்து வைத்து, அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை 3 மாதம் வரை விடுப்பு கேட்கலாம். அது உங்கள் வழக்கமான விடுப்பில் கழியாது. இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே; அதிலும் பணம் பேசக் கூடாது. போலீஸுக்குப் போகும் உரிமை தனியாக இருக்கிறது.

கேள்வி: நிரூபிக்க முடியாவிட்டால் என் மேல் திரும்புமா?
- வாசகி, கரூர்

பதில்: திரும்பாது. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. பொய் என்று தெரிந்தே அல்லது கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது, இல்லை போலி ஆவணம் காட்டியது விசாரணையில் உறுதியானால்தான் சிக்கல். 'மானநஷ்ட வழக்கு போடுவேன்' என்று மிரட்டினால், அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.