ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டுக்குப் போகலாமா? அதிகம் குடிக்காதவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். ஆனால் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். செவ்வாய், புதன் போன்ற வார நாளில் காலை பதினோரு மணிக்குள் ஒரு பீர் கூடாரத்தில் இடம் பிடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

நான் ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மியூனிக்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒரு திட்டத்தை முடித்துக் கொடுத்த கையோடு விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அமைதி வேண்டும் என்றால் ஆல்ப்ஸ் பக்கம் போயிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மலையடிவாரத்தில் உட்கார்ந்தாலும் என் மனம் அலுவலக மின்னஞ்சலைத்தான் புரட்டிக்கொண்டிருக்கும். கூடாரத்துக்குள் அதற்கு வழியே இல்லை. யார் அழைத்தாலும் அந்த இரைச்சலில் பேச முடியாது.

1810இல், மியூனிக் இருக்கும் பவேரியாவின் இளவரசர் லூட்விக்கின் திருமணத்தை ஒட்டி நடந்த குதிரைப் பந்தயம்தான் இதற்குத் தொடக்கம். மணப்பெண் தெரேசாவின் பெயரில்தான் அந்த மைதானம் இன்றும் தெரேசியன்வீசே என்று அழைக்கப்படுகிறது. பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழா தொடங்குவது செப்டம்பர் நடுவில். அக்டோபர் முதல் ஞாயிறோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மியூனிக் நகரின் ஆறு மதுவடிப்பாலைகளின் பீர் மட்டுமே அங்கே விற்கப்படும். அவற்றில் ஒன்றான அகுஸ்டினரின் கூடாரத்தில் இன்றும் மரப் பீப்பாயிலிருந்தே ஊற்றுகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். பெரிய கூடாரங்களில் பல ஆயிரம் பேர் உட்காரலாம். ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தான் குவளை வரும். வார நாள் பகலில் முன்பதிவு இல்லாமலே பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

அப்படித்தான் ஒரு முதிய தம்பதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாஸ் என்னும் அந்த ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நான் கைப்பிடியை விரல்களால் பற்றித் தூக்குவதைப் பார்த்த பெரியவர், தலையை ஆட்டிவிட்டுத் தன் கையைக் கைப்பிடிக்குள் நுழைத்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்துக் காட்டினார். மணிக்கட்டு பிழைத்தது. எங்களுக்குப் பரிமாறிய பெண்மணியோ அத்தகைய நிறைகுவளைகள் பத்தை ஒரே நடையில் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, ஒரு துளி சிந்தாமல் இறக்கினார்.

இந்த பீர் சுமார் ஆறு சதவீதம் ஆல்கஹால் கொண்டது. வழக்கமான பீரைவிடக் காட்டம். எனக்கு ஒன்றே போதும். அதன்பின் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானத்துக்கு மாறினேன்; யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. விலைதான் உறுத்தும்: 2024இல் ஒரு லிட்டர் பீர் 13.60 முதல் 15.30 யூரோ வரை. சைவ உணவுக்காரர்களுக்குச் சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்னும் நூடுல்ஸ், பெரிய பிரெட்செல் ரொட்டி, முள்ளங்கி எல்லாம் உண்டு.

குடிக்காதவர்களும் தவறவிடக்கூடாதது டொய்ஃபெல்ஸ்ராட் என்னும் சுழல் விளையாட்டு. 1910 முதல் இருக்கிறது. வழவழப்பான மரத்தட்டு ஒன்று சுழலும். அதன் நடுவில் ஆட்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். வேகம் கூடக்கூட ஒவ்வொருவராகச் சறுக்கி ஓரத்துக்குப் போய் விழுவார்கள். கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பவர்களை விடுவார்களா? மேலிருந்து ஒரு பந்தைத் தொங்கவிட்டு இடித்துத் தள்ளுவார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் பவேரிய வட்டார வழக்கில் எல்லோரையும் நையாண்டி செய்துகொண்டே இருப்பார். எனக்குப் பாதிதான் புரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கூடாரங்களில் மாலை ஆறு மணி வரை வாத்தியக் குழு அடக்கமாகவே வாசிக்க வேண்டும் என்பது விதி. அதன்பின் பெஞ்சின் மேல் ஏறி ஆடத் தொடங்குவார்கள். அது பிடிக்குமென்றால் இருங்கள். நான் அந்த நேரத்தில் எழுந்து வந்துவிடுவேன்.

பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள். ரொக்கமாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரங்களில் மியூனிக் விடுதிக் கட்டணம் கண்ணைக் கட்டும். பக்கத்து நகரமான அவுக்ஸ்பர்க்கில் தங்குங்கள், வேக ரயிலில் அரை மணி நேரம்தான்.