மாட்டிறைச்சி இல்லாத நெங்மியோன்

தம்பி, தென் கொரியாவின் சுவோன் நகரத்துக்கு வந்த கையோடு கோடை வாட்டுகிறது, உடன் வேலை செய்பவர்கள் நெங்மியோன் (குளிர்ந்த சாற்றில் வரும் கொரிய நூடுல்ஸ்) சாப்பிடப் போகும்போது மாட்டுச் சாறு என்பதால் ஒதுங்கிக்கொள்கிறேன், வீட்டில் சைவமாகச் செய்ய வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். அந்தச் சாற்றின் புளிப்பும் குளுமையும் தோங்ச்சிமி என்ற முள்ளங்கி நீர்க்கிம்ச்சியிலிருந்து (உப்புநீரில் புளிக்கவைத்த முள்ளங்கி) வருபவை. கொரியாவின் வடக்கே பனிக்காலத்தில் அந்தத் தண்ணீரில் நூடுல்ஸைப் போட்டுச் சாப்பிட்டார்கள். கோடை உணவானது பிற்பாடுதான்.

கடையில் விற்கும் சாற்றுப் பொட்டலங்களை நம்ப வேண்டாம். ஒவ்வாமைக்கான கட்டத்தில் 'ஸ்வேகோகி ஹாம்யு' என்று இருந்தால் மாட்டிறைச்சி உண்டு என்று பொருள். மாடு, பன்றி, கோழி மூன்றையும் அங்கே போட்டாக வேண்டும் என்பது சட்டம். நெத்திலி அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் முழு மூலப்பொருள் வரியிலும் 'மியோல்ச்சி' என்ற சொல்லைத் தேடுங்கள்.

தோங்ச்சிமியை ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கொரிய முள்ளங்கி ஒரு கிலோவை விரல் பருமனில் நறுக்கி, 30 கிராம் கல்லுப்பில் பிசறி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ஊறி வந்த நீரோடு, கொதித்து ஆறிய 2 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். பேரிக்காய் பாதி, வெங்காயத்தாள் இரண்டு, கீறிய பச்சை மிளகாய் மூன்று போதும். பூண்டையும் இஞ்சியையும் துணியில் முடிந்து போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். கோடையில் ஒன்றிரண்டு நாள் வெளியே இருந்தால் சிறு குமிழிகள் வரும். உடனே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வெளியிலேயே விட்டால் புளிப்பு ஏறி முள்ளங்கி தளர்ந்துவிடும்.

அடுத்தது காய்ச்சும் சாறு. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் உள்ளங்கை அளவு தாசிமா (கடற்பாசி) ஒன்று, காய்ந்த ஷிடாகே காளான் நான்கு, வெங்காயம் பாதி, முள்ளங்கி 200 கிராம். கொதி வந்த பத்தாம் நிமிடம் தாசிமாவை எடுத்துவிட வேண்டும். தாண்டினால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். மற்றவை சிறு தீயில் இன்னும் 25 நிமிடம் இருக்கட்டும்.

இருவருக்கு இந்தச் சாறு 400 மில்லி, தோங்ச்சிமித் தண்ணீர் 400 மில்லி. சர்க்கரையும் வினிகரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, குக்கான்ஜாங் (சூப்புக்கான சோயா) ஒரு தேக்கரண்டி, பார்த்து உப்பு. குளிர்ந்தால் நாக்குக்குச் சுவை குறையும் என்பதால், கலக்கும்போது சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். ஐஸ் கட்டி போட்டால் உருகி நீர்த்துவிடும். சாற்றையே இரண்டு மூன்று மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, ஓரம் உறையத் தொடங்கியதும் கரண்டியால் கலைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது நூடுல்ஸில்தான். பாப்பரை (பக்வீட்) மாவோடு சர்க்கரைவள்ளி அல்லது உருளைக்கிழங்கு மாவுச்சத்து கலந்த நெங்மியோன் நூடுல்ஸையே வாங்குங்கள், அந்த இழுவை ஜப்பானிய சோபா நூடுல்ஸில் வராது. குளிர்பெட்டிப் பிரிவில் கிடைப்பது கட்டியாக ஒட்டியிருக்கும். போடுவதற்கு முன்பே கையால் தேய்த்து இழை பிரிக்க வேண்டும். இரண்டு லிட்டருக்குக் குறையாத கொதிநீரில் 40 நொடி முதல் ஒரு நிமிடம் போதும். காய்ந்த வகைக்கு மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும், உறையில் உள்ள நேரமே சரி. இறக்கியதும் குழாய்த் தண்ணீரில் துணி கசக்குவதுபோல் நன்றாகக் கசக்கி, வழவழப்பு போகும்வரை அலசி, கடைசியாக ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். அலசல் போதாவிட்டால் மாவு சாற்றில் கரைந்து கலங்கும், இழைகள் திரண்டுவிடும்.

கிண்ணத்தில் நூடுல்ஸைச் சுருட்டி வைத்து, மேலே தோங்ச்சிமி முள்ளங்கி, வெள்ளரி, பேரிக்காய். முட்டை சாப்பிட்டால் அவித்தது பாதி. சாற்றை ஓரமாக ஊற்றுங்கள். கடுகு விழுதும் வினிகரும் முதல் வாய்க்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உணவகத்துக்குப் போனால் ஒன்று கவனியுங்கள்: ஹாம்ஹுங் (வடகொரிய நகரம்) பாணிக் கடைகளில் உட்கார்ந்ததும் ஊற்றித் தரும் சூடான 'யுக்சு' என்பது தேநீர் அல்ல, பெரும்பாலும் மாட்டுச் சாறு.