ஹாலில் ஓடும் இணையம் பின்னறையில் ஏன் நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஹாலில் நன்றாக ஓடும் இணையம், மகள் படிக்கும் பின்னறையில் மட்டும் மாலை வேளைகளில் நின்று நின்று வருகிறது. புகார் செய்தால், ‘லைன் சரியாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள். வேறு ரௌட்டர் வாங்கிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நிறுவனத்திலிருந்து ரௌட்டர் வரை வருவது ஒரு வழி. ரௌட்டரிலிருந்து மகளின் மடிக்கணினி வரை காற்றில் செல்வது வேறொரு வழி. கோளாறு எந்த வழியில் என்று அறியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வைத்தியமாகவே முடியும். ரௌட்டரின் பின்புறமுள்ள லேன் போர்ட்டில் (கம்பி இணைப்புக்கான துளை) கேபிளைச் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, இணையம் தடுமாறும் அதே மாலை நேரத்தில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். 90-க்கு மேல் காட்டினால் லைனில் குறையில்லை. 20, 30 என்று காட்டினால், அந்த எண்ணைத் தேதியுடன் குறித்துவைத்துக்கொண்டு நிறுவனத்தாரிடம் உறுதியாகப் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், காற்றுவழிதான் காரணம் என்று தோன்றுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது; ஆனால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டைக் கடப்பதற்குள் அது வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து வரும் என்றாலும், மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளின் ரௌட்டர்களும் அதே அலைவரிசையில் இயங்குவதால் நெரிசல் ஏற்படும். ரௌட்டர் அமைப்புப் பக்கத்தில் 2.4-க்கான சேனலை (அந்த அலைக்குள் உள்ள எண்ணிட்ட பாதை), ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியமானது ரௌட்டர் இருக்கும் இடம். டிவி அலமாரிக்குள்ளோ, இரும்பு பீரோவின் பின்னாலோ இருந்தால் வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில் ஆள் உயரத்தில் பொருத்துங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், பின்னறை வரை லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பதே நிலையான தீர்வு. கேபிள் இல்லாமல் வைஃபையைப் பெற்று மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் மலிவுதான், ஆனால், ஒரே அலைவரிசையில் சிக்னலைப் பெற்று அதிலேயே திருப்பி அனுப்பும் வகையில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

கேள்வி: ரௌட்டரில் சிவப்பு விளக்கு மின்னியது. குண்டூசியால் சிறிய துளையை அழுத்தி ரீசெட் செய்தேன். மறுநாள் சிவப்பு விளக்கு தானாக அணைந்தும் இணையம் வரவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஃபைபர் வழியே வர வேண்டிய ஒளி உங்கள் பெட்டியை எட்டவில்லை என்று பொருள். தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், அல்லது சுவரோரம் வரும் மெல்லிய கேபிள் மேசைக்கும் சுவருக்கும் இடையே மடங்கி நசுங்கியிருக்கலாம். உள்ளே ஒளி ஓடும் கண்ணாடியின் நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்தான் என்பதால், கூர்மையாக மடித்தாலே ஒளி கசிந்துவிடும். இதை எந்த ரீசெட்டும் குணப்படுத்தாது. கேபிளைக் கழற்ற நேர்ந்தால் அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதால் ஒளி மீண்டும் வருகிறது; இப்போது இணையம் வராததற்கு நீங்கள் செய்த ரீசெட்தான் காரணமாக இருக்கும். மின்சாரத்தை அணைத்துப் போடும் ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. துளையை அழுத்தியதும், இணைப்பு கொடுத்தபோது ஊழியர் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் (இவையே பிபிபிஓஇ விவரங்கள்) எல்லாம் அழிந்திருக்கும். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ‘ரீசெட் செய்துவிட்டேன், பிபிபிஓஇ விவரங்களை மீண்டும் பதிய வேண்டும்’ என்று நேரடியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். இம்முறை அந்த விவரங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். பதிவிறக்கும்போது 12 எம்பி மட்டுமே காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. திட்டத்தின் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது; உங்கள் கணினி காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது.