ராத்திரியில கோல்டு எலக்ட்ரோடோட ஏரியா குறைஞ்சுபோச்சு, தங்கம் கரைஞ்சிடுச்சா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்ற ஒரு மாணவியோட கேள்வி இது. 0.5 மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட்ல சொரசொரப்பான கோல்டு எலக்ட்ரோட சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸுக்கு (வோல்ட்ட ஒப்பிட்டு அளக்குற எலக்ட்ரோடு) எதிரா +0.6 வோல்ட்ல ராத்திரி பூரா வச்சிருக்காங்க, காலைல பாத்தா ஆக்சைடு ரிடக்‌ஷன் பீக்ல (தங்கத்து மேல வந்த ஆக்சைடு திரும்ப தங்கமாகுறப்ப தெரியுற கரண்ட் மேடு) இருந்து கணக்கு போட்ட மேல்பரப்பு ஏரியா கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிருக்கு, தங்கம் கரைஞ்சிடுச்சோன்னு பயம்.

பெரும்பாலும் கரையலம்மா. அணுக்கள் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

தங்கம் உருகுறது 1064 டிகிரில, அதனால ரூம் டெம்பரேச்சர்ல அணு அசையாதுன்னு நினைச்சுக்கறோம். உள்ள இருக்கிற அணு அசையாது, நிஜம்தான். ஆனா மேல்பரப்புல படி படியா விளிம்புகள் இருக்கும், அந்த விளிம்போட மூலைல நிக்கிற அணுவுக்கு பக்கத்துணை கம்மி, பஸ்ல படில தொங்குறவர் மாதிரி, லேசா தள்ளினாலே இடம் விட்டுடும். அப்படி கழண்ட அணு சமதளத்துல ஓடி இன்னொரு விளிம்புல போய் ஒட்டிக்கும். சின்ன மேட்டுல இருக்கிற அணுதான் சுலபமா கழலும், அதனால சின்ன மேடு தேய்ஞ்சு பெரிய மேடு வளரும், குழியும் நிரம்பும், மொத்த விளிம்பு நீளம் குறையக் குறைய ஏரியாவும் குறையும். பொட்டன்ஷியல பாசிட்டிவ் பக்கம் ஏத்தினா இந்த ஓட்டம் வேகமாகும். குளோரைடு இருந்தா இன்னும் ரொம்ப வேகம், ஏன்னா அது தங்க அணுவோட பிணைஞ்சு பக்கத்து அணுக்கள் மேல அதுக்கு இருக்கிற பிடிய தளர்த்திடுது.

நான் குளோரைடே போடலையேன்னு கேப்பீங்க. உங்க ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்குள்ள இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு, ராத்திரி பூரா அது கசியும். எனக்கு முதல் சந்தேகம் அதுமேலதான். சொரசொரப்பு அப்படியே நிக்கணும்னா குளோரைடு இல்லாத மெர்குரி சல்ஃபேட் ரெஃபரன்ஸுக்கு மாறுங்க.

அழுக்கு படிஞ்சாலும் பீக் சின்னதாகும், அதையும் பாத்துடுங்க. பொட்டன்ஷியல ஏத்தி இறக்கி ரெண்டு மூணு சைக்கிள் ஓட்டினதும் பழைய ஏரியா திரும்பி வந்தா அது அழுக்கு. ஏரியாவ, பீக்ல வர்ற மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலம்னு வச்சு கணக்கு போடுங்க. ஆனா நிறைய சைக்கிள் ஓட்டிடாதீங்க, ஆக்சைடு உருவாகி போறப்ப அணுக்கள் இடம் பெயர்ந்து புதுசா குழியும் மேடும் வந்துடும், அப்புறம் எது எதனாலன்னு பிரிக்கவே முடியாது. கரைஞ்சிருக்கான்னு உறுதியா தெரியணும்னா கரைசலை ஐசிபி-எம்எஸ்ஸுக்கு (ரொம்ப கொஞ்சமா இருக்கிற உலோகத்தையும் அளக்குற கருவி) அனுப்புங்க.

ஒருவேளை உங்களுக்கு வழவழப்புதான் வேணும்னா இதையே வேணும்னே செய்யலாம், கொஞ்சம் குளோரைடு சேத்து மிதமான பாசிட்டிவ் பொட்டன்ஷியல்ல பிடிச்சு வைங்க. ஹைட்ரஜன் ஸ்கேல்ல (ஹைட்ரஜன் எலக்ட்ரோட பூஜ்யமா வச்சு அளக்குறது) 1 வோல்ட் பக்கம் மட்டும் போகவே கூடாது, அங்க தங்கம் குளோரைடோட சேந்து நிஜமாவே கரைய ஆரம்பிச்சிடும். அலுமினா பாலிஷ் போட்ட கீறலையும் இது ஆத்தும்னு எதிர்பாக்காதீங்க. 0.05 மைக்ரான் துகளே நூத்தி எழுபதுக்கு மேல தங்க அணுவ வரிசையா வச்ச அகலம், அந்தக் கீறல் போகணும்னா தீச்சுடர்ல காட்டி சூடாக்குற ஃப்ளேம் அனீலிங்தான் பண்ணணும்.