வந்தே பாரத் ஏன் 180-ல் ஓடவில்லை? பழைய பாதை பற்றிய கேள்வி பதில்

ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பாதையில் வேக ரயில் விடுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே (காட்பாடி): சார், வந்தே பாரத் 180 கி.மீ. வேகத்தில் போகும் என்கிறார்கள். சென்னையிலிருந்து மைசூருக்கு, 500 கி.மீ. தூரத்துக்கு, ஏறக்குறைய ஆறரை மணி நேரம் ஆகிறதே?

ப: வண்டி போகும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்த முதல் ரயில் 2018 டிசம்பரில் கோட்டா பக்கம் நடந்த சோதனையில் 180-ஐத் தொட்டது. பாதைதான் விடாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இன்றைக்கு மைசூர் வண்டி போவதும் அந்த வழியில்தான். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி எல்லாம் பலமுறை மாறிவிட்டன. ஆனால் எந்த மேட்டைச் சுற்றி, எந்த ஊரை ஒட்டிப் போவது என்று நீராவி எஞ்சின் காலத்தில் வகுத்த தடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

கே (திருப்பத்தூர்): அதுதான் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள கனமான தண்டவாளம் போடுகிறார்களே ஐயா, இன்னும் என்ன தடை?

ப: வளைவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கேதான்.

வளைவில் திரும்பும் வண்டியை வேகம் வெளிப்பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்க வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைப்போம். கேன்ட் என்று பெயர். நம் அகலப்பாதையில் அதிகபட்சம் 165 மி.மீ. தேவைப்படும் உயரத்தில் 100 மி.மீ. குறைந்தாலும் வேக வண்டி பத்திரமாகப் போகும். ஆக, கையில் இருப்பது 265 மி.மீ. இப்போது 875 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 130-ல் போக 266 மி.மீ. வேண்டும், இழுத்துப் பிடித்தால் வந்துவிடும். 160-ல் போக 403 வேண்டும். வழியே இல்லை.

அதே பாதையில் கூட்ஸ் வண்டியும் 60-ல் வருகிறது. அதற்கு 57 மி.மீ. போதும். அதற்கு மேல் 75 வரை மிகையாக இருக்கலாம். அதையும் தாண்டினால் பாரம் உள் தண்டவாளத்தில் கூடுதலாக இறங்கி அதைத் தேய்த்துவிடும். அதனால் 165 வரை உயர்த்தாமல் 130 சொச்சத்தில் நிறுத்தியாக வேண்டும். அப்போது வேக வண்டியும் சுமார் 120-ல் அடங்கிவிடும். கூட்ஸே வராத பாதையில்கூட, 160 வேண்டுமானால் ஆரம் 1,330 மீட்டருக்குக் குறையக் கூடாது. வளைவை நிமிர்த்துவது என்றால் நிலம், வீடு, பாலம், மின்கம்பம் எல்லாவற்றையும் தொட வேண்டும்.

கே (அரக்கோணம்): மாடு குறுக்கே வந்தால் பிரேக் போட்டு நிறுத்த முடியாதா?

ப: முடியாது அம்மா. 130-லிருந்து 160-க்குப் போனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. 2022 அக்டோபரில் மும்பை–காந்திநகர் வந்தே பாரத் எருமைகள் மீது மோதி முகப்பு உடைந்தது. வேலி அவசியம். ஆனால் பாதைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர் எப்படிப் போவார்? மழைத் தண்ணீர் தேங்காத சுரங்கப்பாதையை முதலில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலி போட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கே (ஈரோடு): சரி, 130-ஐ 160 ஆக்கினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

ப: 100 கி.மீ. தூரத்தை 130-ல் கடக்க 46 நிமிடம், 160-ல் முப்பத்தேழரை. எட்டரை நிமிடம் லாபம். இடையில் 2 கி.மீ. தூரத்துக்கு 30-ல் போகச் சொல்லி ஒரு வேகக் கட்டுப்பாடு இருந்தால், அங்கே மட்டும் 4 நிமிடம். 130-ல் போனால் ஒரு நிமிடம்கூட ஆகாத இடம் அது. வேகம் குறைக்கவும் திரும்பப் பிடிக்கவும் ஆகும் நேரம் தனி. இப்படி இரண்டு இடம் இருந்தால் அந்த லாபம் போயே போச்சு. பலவீனமான பாலம், பல தடங்கள் கூடும் நெரிசலான யார்டு, வண்டியைத் தடம் மாற்றிவிடும் பழைய பாயிண்ட், இவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். உச்ச வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

கே (விழுப்புரம்): என் அப்பா டிராக்மேன், தண்டவாளத்தைப் பராமரிப்பவர். வேகம் கூடக் கூட வேலைக்கு நேரமே கிடைப்பதில்லை என்கிறார்.

ப: உங்கள் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி தம்பி. வேகம் கூடினால் பாதை இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். ஜல்லியை இறுக்கவும், வெல்டிங்கைச் சோதிக்கவும், கோடையில் தண்டவாளம் நெளியாமல் பார்க்கவும் அடிக்கடி வேலை வரும். அதற்கு ரயில்களை நிறுத்திக் கொடுக்கும் நேரத்துக்குப் பிளாக் என்று பெயர். வண்டிகள் பெருகியதும் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அட்டவணை போடும்போதே பிளாக்கையும் ஒரு ரயில் மாதிரி எழுதி வைத்து, யாரும் அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும். வண்டி வருவதைக் கவனிக்கத் தவறினால் உயிரை இழப்பவர் டிராக்மேன். 160-ல் வரும் வண்டி அவருக்கு விலகக் கொடுக்கும் நேரம் இன்னும் குறைவு.

கே (கோவை): பேசாமல் தனிப் பாதையே போட்டுவிடலாமே?

ப: ஜப்பான் அப்படித்தான் செய்தது. பழைய குறுகிய பாதையைத் தொடாமல் 1964-ல் ஷிங்கான்செனுக்குத் தனித் தடம் போட்டார்கள். நம் மும்பை–ஆமதாபாத் 508 கி.மீ. திட்டமும் அதே வழிதான். செலவு பயங்கரம். ஆனால் பழையதைச் சீர்திருத்துவது எப்போதும் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் லண்டன்–கிளாஸ்கோ பாதையை, ரயில்களை ஓட்டிக்கொண்டே, 225 கி.மீ. வேகத்துக்கு மாற்ற முனைந்தார்கள். 250 கோடி பவுண்டு என்று போட்ட கணக்கு ஏறக்குறைய 900 கோடிக்குப் போனது. கிடைத்த வேகம் 200. என்னைக் கேட்டால், நெரிசல் மிகுந்த தடத்தில் கூட்ஸுக்குத் தனிப் பாதை போடுவதே நமக்கு நல்லது. கூட்ஸ் அங்கே நகர்ந்தாலே பழைய பாதை மூச்சுவிடும்.

கே (ஜோலார்பேட்டை): வந்தே பாரத்துக்கு வழிவிட எங்கள் பாசஞ்சர் வண்டி லூப்பில், அதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், காத்துக் கிடக்கிறதே ஐயா?

ப: வேக வித்தியாசம் கூடினால் காத்திருப்பும் கூடத்தான் செய்யும். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லூப் லைனுக்குள் பொதுவாக 30-ல்தான் நுழைய முடியும். கனமான புது பாயிண்ட் போட்டால் 50 வரை விடலாம். உங்கள் வண்டி சீக்கிரம் உள்ளே போய்விட்டால் பின்னால் வருவது சீக்கிரம் தாண்டும், நீங்களும் சீக்கிரம் கிளம்பலாம். மூன்றாவது, நான்காவது லைன் வரும்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதையாவது செய்ய வேண்டும்.